அமெரிக்கா போகும், குன்னம் போகாது

ஒயரு மாமா,

அரியலூரிலிருந்து கொளஞ்சி எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம்ம மகள் மணிமொழியும் சுகம். நீங்கள் இருக்கும் இடத்தில் சுகத்துக்குக் குறைவில்லை என்று ஊரே சொல்கிறது, அதனால் உங்கள் சுகத்தை நான் கேட்கவில்லை. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஊரெல்லாம் ஒயர் இழுத்து நெட் போட்டுக் கொடுத்தீர்களே, அந்தக் கடையை இன்னும் மூடவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மூடிவிடலாம் என்றுதான் உங்கள் தம்பி நல்லதம்பி சொன்னது. நம்மிடம் மிச்சமிருந்த பெரிய வாடிக்கை மண்டிக்கார சாமிதுரை அண்ணன் ஒருவர்தான். அவர் குன்னத்தில் புதிதாக மக்காச்சோளக் குடோன் திறந்தார். அந்த எடைமேடைக் கம்ப்யூட்டரை அரியலூர் ஆபீசில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்றார். நல்லதம்பி போய் குன்னத்தில் எல்லாம் மாட்டிவிட்டு வந்தது. அரியலூரில் பார்த்தால் அவருடைய ஜெயங்கொண்டத்து முந்திரிக் குடோன் தெரிகிறது, குன்னம் மட்டும் தெரியவில்லை. அந்த ஆபீசில் நீங்கள் ஏலத்தில் எடுத்து மாட்டிய பழைய ரவுட்டரை, நம்பர் பார்த்து வழி அனுப்பும் அந்தப் பெட்டியை, நல்லதம்பி கழற்றி மாட்டியது, ஊதியது, கடைசியில் தட்டவும் செய்தது. நான் சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கொண்டு அதன் தலையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன், மறுநாள் எறும்பு வரிசை கட்டி உள்ளே போனதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து ஆபீசில் கணக்குப்பிள்ளை வெளிநாட்டு வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அது மட்டும் தடங்கல் இல்லாமல் ஓடியது.

"அமெரிக்கா வரைக்கும் போவுது அண்ணி, இந்தா இருக்க குன்னத்துக்குப் போவல. இத நான் யாருகிட்டச் சொல்லி அழுவ" என்று நல்லதம்பி தரையில் உட்கார்ந்துவிட்டது.

சாமிதுரை அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வெள்ளிக்கெழமைக்குள்ள வரலன்னா நான் திருச்சி ஆளத்தான் பாக்கணும் கொளஞ்சி. ஒயரு மொகத்துக்காவத்தான் இத்தன நாளு பொறுத்தேன்" என்றார். அவர் போனால் கடை இல்லை. கடை போனால் உங்கள் பேர் எழுதிய போர்டை இறக்கிப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

புதன்கிழமை, எறும்பையாவது துடைப்போம் என்று ரவுட்டரைக் கவிழ்த்தேன். அடியில் உங்கள் கையெழுத்தில் அம்சவள்ளி என்று எழுதி ஒரு போன் நம்பர். மாமா, உண்மையைச் சொல்கிறேன், இந்த எட்டு மாதத்தில் எனக்கு அழுகை சுத்தமாக நின்றது அந்த நிமிஷம்தான். நல்லதம்பியைப் பார்த்தேன், அது விட்டத்தைப் பார்த்தது. அங்கேயே போனைப் போட்டு, யார் நீ, என் வீட்டுக்காரருக்கு நீ என்ன வேண்டும் என்று ஒரு பிடி பிடித்தேன். அந்தப் பக்கத்தில், "ஒயரு சார் வூட்டம்மாவாங்க? சார் நல்லாருக்காரா? போனே வரலியேன்னு நெனச்சேன்" என்று கேட்டார்கள். பெரம்பலூரில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறார்களாம். சந்தேகம் வந்தால் நீங்கள் கேட்பீர்களாம், நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். நீங்கள் போன விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் அழ, சண்டைக்குப் போன நான் உட்கார்ந்து அவர்களைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

அழுது முடித்துவிட்டு அவர்களே கேட்டார்கள், இப்போது என்ன கோளாறு என்று. சொன்னேன். உடனே பிடித்துவிட்டார்கள்.

"அது பழைய காலத்துப் புத்திங்க. ஒவ்வொரு எடத்துக் கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் உண்டுல்ல, அதுல பத்துன்னு ஆரம்பிக்கிறதெல்லாம் ஒரே குடும்பம்னு வெச்சிருக்கு. அதுல அரியலூரத் தெரியும், ஜெயங்கொண்டத்தத் தெரியும். புதுசா குன்னம்னு வந்தா, எனக்குத் தெரியாம இந்தக் குடும்பத்துல நீ யாருன்னு தூக்கிப் போட்டுடும். யாருன்னே தெரியாத வேத்துக் குடும்பம்னா மட்டும், பெரம்பலூர்ல நெட் கம்பெனியோட பெரிய மிசினு இருக்கு, அதக் கேட்டுக்கன்னு அனுப்பிடும். அதான் அமெரிக்கா போவுது. பெரம்பலூருக்குக் குன்னத்தத் தெரியுங்க, இதுதான் அங்க விட மாட்டேங்குது."

எனக்கு அதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொன்னதில்லை மாமா. உங்கள் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்குப் பத்திரிகை வரவில்லை. நம்ம குடும்பம்தான், ஆனால் ஒயரு இல்லாமல் இவள் யார் என்று நினைத்திருப்பார்கள். முன்பின் தெரியாத அம்சவள்ளியோ ஒன்றரை மணி நேரம் போனை வைக்கவில்லை.

குன்னத்துக்கு மட்டும் தனியாக வழி எழுதலாமாம். ஆனால் நாளைக்கு இன்னொரு குடோன் வந்தால் மறுபடி எழுத வேண்டும், அதனால் புத்தியையே மாற்றிவிடுவோம் என்றார்கள். உள்ளே போக பாஸ்வேர்டு கேட்டது. என் பேரைப் போட்டோம், திறக்கவில்லை. மணிமொழி பேருக்கும் திறக்கவில்லை. "யாருமே நெனச்சுப் பாக்காத பேரா வெச்சிருக்கேன்னு சார் சொன்னாருங்க" என்றார்கள் அம்சவள்ளி. பாப்பாயி என்று போட்டேன், திறந்துகொண்டது. எங்கம்மா இருந்த காலத்தில் அவங்களிடம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், தினம் அந்தப் பேரைத் தட்டித்தான் சோறு சம்பாதித்தீர்களா?

அப்புறம் அவர்கள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். நல்லதம்பி போனைப் பிடித்துக்கொண்டது. ஐ, பி, ஒரு இடம் விட்டு கிளாஸ்லெஸ் என்று ஒரே வரி. கடைசியில் ரெண்டு எஸ், அதிலும் நான் மூணு போட்டு அழித்தேன். இனிமேல் குடும்பம் எது என்று பார்க்காதாம். இருப்பதிலேயே எது நெருக்கமாகப் பொருந்துகிறதோ அந்த வழியில் அனுப்புமாம், ஒன்றும் பொருந்தாவிட்டால் எந்தக் குடும்பமானாலும் பெரம்பலூருக்கு. தட்டி முடித்ததும் குன்னத்து எடைமேடை திரையில் வந்தது. அங்கே நின்ற மக்காச்சோள லாரியின் எடையை நான் அரியலூரில் நின்று படித்தேன். சாமிதுரை அண்ணன் டீ வாங்கி வரச் சொல்லி, சிறுவாச்சூரில் ஒரு குடோன் பார்த்திருக்கிறேன், அதையும் நீதான் போட வேண்டும் என்றார்.

ஆகவே கடை நடக்கிறது. எங்களைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கவும். எங்கம்மாவை அங்கே பார்த்தால் பேர் சொல்லியே விசாரிக்கவும், உங்களுக்குத்தான் பழக்கம் ஆயிற்றே.

உங்கள்,
கொளஞ்சி

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் இன்று காலை ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பத்து நிமிஷம் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் மிஷினுக்குப் பழைய புத்தி, குன்னத்தைத் தெரியவே தெரியாது என்கிறது. அம்சவள்ளியிடம் கேட்டால், "அய்யோ, எழுதி வெய்யின்னு ஒரு வார்த்த அடிக்கணுங்க, நேத்து சொல்ல மறந்துட்டேன். அத அடிக்கலன்னா கரண்டு போறப்ப மறந்துடும்" என்கிறார்கள். யாரும் எழுத்துச் சொல்லாமல் நானே மறுபடி அடித்து, எழுதியும் வைத்துவிட்டேன், குன்னம் வந்துவிட்டது. நீங்களும் ஒரு நொடியில்தானே போனீர்கள். எங்களை எழுதி வைத்துக்கொண்டுதான் போனீர்களா மாமா?