பன்னிரண்டு சதுரங்களில் ஒரு கல்யாணம்

சோழவந்தானிலிருந்து மதுரைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கல்யாண வீட்டிலிருந்து சாப்பிடாமல் வெளியேறுகிறவர்கள் இரண்டு வகை: கோபித்துக்கொண்ட சம்பந்தி, துரத்தப்பட்ட கேமராக்காரன். சம்பந்தியைத் திரும்பக் கூப்பிட ஆள் வரும். (நானும் நாலு தடவை திரும்பிப் பார்த்தேன்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, பஸ் ஸ்டாண்டுகளில் படுத்தெழுந்து, கடைசியில் ஆனையூரில் ஒரு ஸ்டுடியோவில் ஒட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி ராசு அண்ணன் பின்னறையில் படுக்க இடம் கொடுத்திருந்தார்.

அந்தக் கல்யாணப் பெண்ணுக்குப் பழைய பிலிம் கேமராவில் சதுரப் படம் வேண்டுமாம். இப்போது அதுதான் மோஸ்தர். ராசு அண்ணனிடம் அவர் அப்பா காலத்துப் பெட்டி ஒன்று இருந்தது. முன்னால் இரண்டு கண், மேலே ஒரு கண்ணாடித் திரை. வயிற்றருகே பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். அவர் வீடியோ எடுக்க வேண்டியிருந்ததால் பெட்டி என் கழுத்துக்கு வந்தது.

"பன்னெண்டு படந்தான் தம்பி. தாலி கட்டுன பெறகு எடு. மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் பொண்ணு இருக்கணும், அவுக வீட்ல இதுல ரொம்பக் கறாரு. சொதப்புன, ரூமக் காலி பண்ணிரு."

கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரியும் என்பதையும் சொல்லியிருப்பார். அந்த நேரம் நான் டீ வாங்கப் போயிருந்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் அண்ணன் பேட்டரி எடுக்க வெளியே போனார். நான் குனிந்தேன். மண்டபம் முழுவதும் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் வந்து மிதந்தது. மேளச் சத்தம் பக்கத்து ஊரில் கேட்பதுபோல விலகிப் போனது. நான் இந்தப் பக்கம் நகர்ந்தால் ஆட்கள் அந்தப் பக்கம் நீந்தினார்கள். உள்ளே இறங்கி, படுக்க இடம் கேட்டுப் பார்க்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன், பெண் தப்பான பக்கம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை பெரியவர்கள் இருந்தும் நான் ஒருவன்தான் கண்டுபிடித்திருக்கிறேன். கையை உயர்த்தி, இருவரையும் இடம் மாறி உட்காரச் சொன்னேன்.

மாறினார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் கேமராக்காரன் கையைக் காட்டினால் ஐயரே மந்திரத்தை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். மாப்பிள்ளையின் அக்காவுக்கு மட்டும் சந்தேகம்.

"ஏந்தம்பி, இப்பத்தான மாறி இருக்கு?"

"கேமராவுல சரியாத்தான் இருக்குக்கா."

கேமரா என்றதும் அடங்கிவிட்டார். நான் நிமிராமலே பன்னிரண்டையும் எடுத்து முடித்தேன்.

அண்ணன் வந்தார். மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எம்புட்டு எடுத்த?"

"பன்னெண்டும்ணே."

என் கழுத்திலிருந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு வாசலைக் காட்டினார். பின்னால் அந்த அக்காவின் குரல் ஏறத் தொடங்கியிருந்தது.

நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்ததாக அண்ணன் பிற்பாடு ஒருநாள் சொன்னார். பெண் சரியான பக்கத்துக்கு வந்துவிட்டாளாம். ஆனால் முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது, சொந்தபந்தம் மொத்தமும் இடது கையால் அட்சதை போடுகிறது. இந்தக் கதை தெரிந்த நாளிலிருந்து, யார் எங்களைப் படம் எடுத்தாலும் என் மனைவி, "செத்த இருங்க, இவுக மாத்தி உக்கார வப்பாக" என்று சொல்லாமல் விடுவதில்லை.

அன்று மதுரை வந்து சேர்ந்து பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். மறுநாள் காலை ஒரு கல்யாண மண்டபத்தில் ஆள் வேண்டும் என்றார்கள், சேர்ந்துகொண்டேன். ரிவர்ஸில் வரும் கார்களுக்குப் பின்னால் நின்று, எந்தப் பக்கம் ஒடிப்பது என்று சொல்லும் வேலை.