ஒற்றைப்பல் மலை உச்சியில் ஒரு நோட்டு

இரண்டு கோடையாக வெர்லின் ஸ்ட்ரவுட் சனிக்கிழமைதோறும் மலையேறிக்கொண்டிருந்தார். அதாவது, வீட்டில் அப்படிச் சொல்லிவைத்திருந்தார். கொழுப்பு ஏறிவிட்டது, நடந்தே தீர வேண்டும் என்று டாக்டர் மிரட்டியதும் பூட்ஸ் வாங்கினார். கைத்தடி வாங்கினார். கரடி வந்தால் முகத்தில் அடிக்க மிளகாய் ஸ்ப்ரேகூட வாங்கினார். எல்லாம் வண்டியிலேயே கிடந்தன. வண்டி மட்டும் ஒற்றைப்பல் மலையடிவாரத்தில், மேவிஸின் சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்கும். உள்ளே அடுக்கடுக்காகப் பேன்கேக், மேலே மேப்பிள் பாகு, பக்கத்தில் மொறுமொறுவென்று பேக்கன் எனும் பன்றிக்கறி வறுவல். மொன்டானாவில் உழைத்துப் பிழைக்கிற மனிதனுக்கு இந்தச் சுதந்திரம்கூடக் கிடையாதா?

கிடையாது போலிருக்கிறது. இந்தச் சனிக்கிழமை காலை, மனைவி நடீனும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வர்றேன்."

"உனக்குத்தான் சனிக்கிழமை தையல் வகுப்பாச்சே!"

"இன்னிக்கு லீவு."

"செங்குத்து மலை, நடீன். உன் முட்டி தாங்காது."

"உன் தொப்பையையே தாங்குற மலை, என் முட்டியைத் தாங்காதா?"

மேவிஸின் கடையில் மலையேறிகள் பேசிக்கொண்டது வெர்லினுக்கு ஞாபகம் வந்தது. உச்சியில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதற்குள் ஒரு நோட்டு. ஏறி வந்தவர்கள் தேதி போட்டுப் பெயர் எழுதிவிட்டுப் போவது வழக்கம். அதில் அவர் பெயர் ஒரு வரியில்கூட இருக்காது. நடீன் புரட்டிப் பார்த்தால் பேன்கேக்குக்கு முழுக்குத்தான்.

கால் மைல் போவதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளியது.

"ஐயோ, கரடி போட்ட சாணி! திரும்பிடலாம்."

"மூஸ் மான் புழுக்கை அது. கரடி இப்படி உருட்டி உருட்டிப் போடாது."

"யாரோ விசில் அடிக்கிறான். வேட்டைக்காரன்! சுட்டுடப் போறான்!"

"மார்மட் கத்துது, பெரிய மலை அணில். அந்தப் பாறைக்கடியில ஒரு குடும்பமே இருக்கு. இந்த வருஷம் நாலு குட்டி."

தையல் வகுப்பில் இதையெல்லாமா சொல்லித் தருகிறார்கள்? வெர்லினுக்கு எரிச்சலாக வந்தது.

கடைசி வளைவில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. "நீ உக்காந்து தண்ணி குடி. மேல கரடி இருக்கான்னு நான் பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தவழாத குறையாக உச்சிக்கு ஓடினார். பழைய தேதிகளில் இடுக்கு கிடைத்த இடத்திலெல்லாம் பெயரைச் செருகிவிடலாம்.

நோட்டைத் திறந்தார். இடுக்கே இல்லை; போன கோடையிலிருந்தே ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு வரி.

"ஜூன் 28. வந்தேன். நடீன் ஸ்ட்ரவுட். கணவர் வெர்லின் கீழே. பேன்கேக் மூன்று."

"ஜூலை 5. வந்தேன். நடீன். வெர்லின்: பேன்கேக் நான்கு, பேக்கன் ஆறு."

"ஜூலை 12. அம்மாவோடு வந்தேன். மகள் கெய்லி. அப்பா இரண்டாவது தட்டு."

அதற்கும் கீழே, முன்பின் தெரியாத கையெழுத்து: "ஓஹையோவிலிருந்து வந்தோம். காட்சி அற்புதம். வெர்லின் சாப்பிட்டு முடித்தாரா?"

மூச்சுக்கூட வாங்காமல் நடீன் மேலே வந்து சேர்ந்தாள். வெர்லினுக்கு வந்ததே கோபம்!

"பொய் சொல்லியிருக்க! ரெண்டு வருஷமா! தையல் வகுப்பாம்! கட்டின புருஷனை இப்படியா ஏமாத்துவ?"

"ஒரு தலையணை உறையாவது தச்சியான்னு நீ என்னிக்காவது கேட்டியா?"

"ஊரு பேரு தெரியாதவனெல்லாம் என் தட்டை எண்ணுறான்! உனக்கு யார் சொன்னது?"

"மேவிஸ். அவ கடைக்குப் பின்பக்கம்தான் நான் வண்டி நிறுத்துறேன்."

"அன்னிக்கே முகத்துக்கு நேரா கேக்க வேண்டியதுதானே!"

"கேட்டிருந்தா நீயும் கூட ஏறியிருப்ப. வாரத்துல எனக்குன்னு இருந்த அமைதி அது ஒண்ணுதான்."

"அப்புறம் இன்னிக்கு மட்டும் எதுக்கு இழுத்துட்டு வந்தே?"

நடீன் அவர் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தாள். "நேத்து உன் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துச்சு. எனக்கு அமைதியும் வேணும்தான். அதைவிட நீ வேணும், வெர்லின்."

இதற்கு மேல் எப்படிக் கத்துவது? கோபப்பட விடாமல் பேசுகிறாளே என்றுதான் அவருக்குக் கூடுதல் கோபம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. இறங்குறப்போ கடைசியா ஒரே ஒரு பேன்கேக்..."

நடீன் அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி நோட்டில் எழுதினாள்:

"ஜூலை 19. இருவரும் வந்தோம். மேவிஸ் கீழே ஓட்ஸ் கஞ்சி வைத்திருக்கிறாள்."