நரிக்குத் தகுந்த தோட்டா

துவக்கு வைத்திருந்தவர்களுக்குள் உயிரினங்களுக்கு மிகக் குறைந்த தீங்கு செய்தவர் யார் என்று யாராவது ஒரு போட்டி வைத்திருந்தால், எங்கள் புளியங்கூடல் தோட்டாப் பரியாரியார் முதற்பரிசை வாங்கியிருப்பார். வாங்கிய பிறகு அந்தக் கிண்ணம் சரியான அளவுதானா என்று அளந்தும் பார்த்திருப்பார்.

அவர் வைத்தியர் அல்ல. நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்து, முப்பது வருடம் வன்னிக் காடுகளில் சங்கிலி இழுப்பித்துவிட்டுப் பென்சனோடு வந்தவர். வரும்போது ஒரு சிறிய றைபிளும் ஒரு பிஸ்கட் தகரமும் கொண்டுவந்தார். தகரத்துக்குள் தோட்டாக்கள். யாராவது போய், “அண்ணை, கொக்குக்கு என்ன போடலாம்?” என்று கேட்டால் அன்றைக்கு அவனுடைய மற்ற வேலைகள் எல்லாம் முடிந்தன. கொக்கின் வயது, அது நிற்கும் தண்ணீரின் ஆழம், காற்றின் திசை, எல்லாம் விசாரித்து, நாடி பிடித்துப் பார்ப்பதுபோல் கண்ணை மூடி இருப்பார். அதனால் வந்த பட்டம்தான் பரியாரியார். பெற்றோர் வைத்த பெயர் தபாற்காரனுக்கு மட்டும் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு ஒரு நரி வந்தது. இறக்குமதியெல்லாம் நிறுத்தப்பட்ட காலம். மற்ற எதுவும் வரவில்லை, நரி மட்டும் எந்த அனுமதியும் இல்லாமல் வந்தது. பண்ணைக் கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி வழியாக யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வந்தது என்றார்கள் சிலர். எழுவைதீவிலிருந்து நீந்தி வந்தது என்றார்கள் வேறு சிலர். எழுவைதீவில் நரியே இல்லையே என்று நான் கேட்டதற்கு, “அதுதான் இஞ்சை வந்திட்டுதே” என்று பதில் கிடைத்தது. நான் கணக்குப் படிப்பிக்கிற ஆசிரியர். இப்படிப்பட்ட ஊரில்தான் தர்க்கமும் சேர்த்துப் படிப்பித்தேன்.

என் மனைவியிடம் பதினொரு ஆடுகள் இருந்தன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆடுகளுக்குப் பெயர் இருந்தது. நான் எண்ணுவேன், அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரு விடியற்காலை நான் எண்ணியபோது பத்து. இரண்டாம் முறையும் பத்து. அவள் எண்ணவில்லை. “வெள்ளைச்சியின்ரை குட்டி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

மத்தியானம் சோறு போடும்போது சொன்னாள்: “பக்கத்து வளவிலை ஒரு துவக்கு இருக்கு. முப்பது வருசம் காட்டிலை நிண்ட மனிசன் இருக்கு. பிறகேன் எனக்கு ஆடு குறையுது?”

நான் போனேன். பரியாரியார் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

“நரி எத்தினை றாத்தல் இருக்கும், மாஸ்டர்?”

“நான் நிறுக்கேல்லை, அண்ணை.”

“ஆணோ, பெண்ணோ?”

“வால்தான் கண்டனான்.”

“வாலை வைச்சு நான் என்னெண்டு தோட்டா சொல்லுறது? நீர் படிச்ச மனிசன்.”

பிறகு எழுந்து தகரத்தைத் திறந்தார். ஒவ்வொரு இனமும் தனித்தனித் துணியில் முடிந்து கிடந்தது. முதல் முடிச்சு, மிகக் குட்டையானது. “இது அணிலுக்கு. நரிக்குப் போட்டால் அது திரும்பிப் பாத்து ஆரெண்டு கேக்கும்.” இரண்டாவது கொஞ்சம் நீளம். “இதை ஏன் செய்தவங்கள் எண்டு செய்தவங்களுக்கே தெரியாது.” மூன்றாவதை எடுத்தபோது குரல் தணிந்தது. “இது நரியைக் கொல்லும். கொன்றுபோட்டு எங்கை நிக்கும் எண்டதுதான் கேள்வி. எங்கடை நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கல். நரியைத் துளைச்சு, கல்லிலை பட்டுத் தெறிச்சு, கோயிலடியிலை நிக்கிற ஐயருக்குப் பட்டால் நீரோ பதில் சொல்லுவீர்?”

நான் பதில் சொல்ல விரும்பவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன்.

நான்காவது முடிச்சில் மூக்குக் குழிந்த தோட்டா. உள்ளே போனதும் பூப்போல விரிந்து அங்கேயே நின்றுவிடுமாம், வெளியே வராதாம். “அப்ப இதைப் போடுங்கோவன்” என்றேன். அவர் என்னை மூன்றாம் வகுப்பு மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒன்பதுதான் இருக்கின்றன, கப்பலில் இனி வராது, சோதிக்காமல் ஒரு தோட்டாவை நம்பக்கூடாது என்றார்.

சோதனைக்கு நரியின் உடம்பை ஒத்த ஒரு பொருள் தேவைப்பட்டது. பல நாள் ஆராய்ந்து, ஈரச் சாக்கால் சுற்றிய பூசணிக்காயே பொருத்தம் என்று முடிவு செய்தார். பூசணிக்கொடி இருந்தது எங்கள் வளவில்.

“எங்கை கொண்டு போறியள்?” என்று மனைவி கேட்டாள்.

“பரியாரியாருக்கு.”

“கறிக்கோ?”

“சுடுறதுக்கு.”

அவள் காயைத் தட்டிப் பார்த்தாள். “நரி பூசணிக்காயைத் தொடேல்லை” என்றாள் பிறகு.

மணல் கும்பிக்கு முன்னால் பூசணிக்காயைக் கட்டி, முப்பது யார் தூரம் அளந்து, கதிரை போட்டு உட்கார்ந்து சுடுவார். சுட்டதும் இருவரும் ஓடிப்போய்ப் பிளந்து பார்ப்போம். தோட்டா உள்ளேயே நின்றிருக்கும். “பாத்தீரோ?” என்பார். எனக்குத் திருப்திதான். அவருக்குத் திருப்தி இல்லை. முற்றிய காயில் நின்றது, பிஞ்சில் நிற்குமா? பிஞ்சில் நின்றது, நரி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால்? இப்படி எட்டுப் பூசணிக்காய்க்கு எட்டுத் தோட்டா. பிளந்த காய்களை வீணாக்காமல் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒருநாள் கறிக்குள் ஈயத்துண்டு கடிபட்டது. அந்தக் கிழமை வீட்டில் பேச்சு நடக்கவில்லை. ஆடு எட்டாகியிருந்தது.

இடையில் இன்னொரு வியாதியும் வந்தது. தகரத்தின் அடியில் தடித்த பித்தளைத் தோட்டா ஒன்று கிடந்தது, போத்தல்போலக் கழுத்து ஒடுங்கியது. காட்டில் யாரோ வெள்ளைக்காரன் கொடுத்ததாம். முனையிலிருக்கும் ஈயச் சன்னம் அதே பருமன்தான், வெடிமருந்து மட்டும் பல மடங்கு. இதன் வேகத்துக்கு நரி தான் செத்ததையே மறுநாள்தான் அறியும் என்றார். அதைப் பற்றி ஒரு கிழமை பேசினோம். காற்றுக்கு எவ்வளவு விலகும், தோல் பழுதாகுமா, சத்தத்துக்குக் கறவை மாடுகள் பால் மறுக்குமா. கடைசியில் நான்தான், கணக்கு வாத்தியாரின் அற்பப் புத்தியோடு, “துவக்குக்குள்ளை போட்டுப் பாப்பம்” என்றேன். போகவில்லை. அது வேறு இனத் துவக்குக்குரியது.

“அது எனக்கு முந்தியே தெரியும்” என்றார் பரியாரியார். “ஆனால் நல்ல தோட்டா.”

தோட்டாக்கள் வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியில் ஒரு மைல் தூரம் வரை ஆபத்து என்று அச்சடித்திருந்தார்கள். மற்றவர்கள் பெட்டியை எறிந்துவிடுவார்கள். இவர் ஊர்ப் படத்தை விரித்து, தன் கிணற்றடியை நடுவாக வைத்து, ஒரு மைலுக்கு வட்டம் கீறினார். வட்டத்துக்குள் இருந்தவற்றை நான் எண்ணினேன்: கோயில் நான்கு, பள்ளிக்கூடம் இரண்டு, சங்கக்கடை ஒன்று, மிச்சமெல்லாம் வீடு. “இதுக்கை சுடக்கூடிய திசை எது, சொல்லும் பாப்பம்” என்றார். கடற்பக்கத்தைக் காட்டினேன். “அங்கை வலை இழுக்கிறவங்கள் மனிசர் இல்லையோ?”

சுடக்கூடிய திசை ஒன்று இருந்தது. அவருடைய மேற்கு வேலிப் பக்கம். அங்கே ஒரு பொட்டு இருந்தது, வேலியில் ஆள் குனிந்து போகிற இடைவெளி. நரியும் அதனூடாகத்தான் எங்கள் ஆட்டுக் கொட்டிலுக்கு வந்து போனது. அந்தப் பக்கம் நிலம் சரிவு, அப்பால் மண்மேடு. ஆனால் வேலிக்கு அங்காலே இருந்தவர் சுருட்டு முதலாளி. பரியாரியாரின் தங்கையைக் கட்டியவர். வேலி தன் காணிக்குள் ஒரு முழம் வந்துவிட்டது என்று அவர் கோட்டில் வழக்குப் போட்டு வருடக்கணக்காயிற்று. வன்னி முழுவதற்கும் எல்லை பிரித்துக் கொடுத்த மனிதருக்குச் சொந்த எல்லை மட்டும் கோட்டில் கிடந்தது. மச்சான்மார் இருவரும் முகம் பார்ப்பதில்லை. பேச வேண்டியிருந்தால் என்னை வேலியோரம் கூப்பிட்டு நடுவில் நிற்பாட்டுவார்கள்.

“மாஸ்டர், அவரிட்டைச் சொல்லும்,” என்றார் சுருட்டு முதலாளி, மறுபக்கம் நின்றபடி. “என்ர காணிக்குள்ளை ஒரு துவக்கு ரவை விழுந்தாலும் அது அத்துமீறல்.”

“அவருக்குச் சொல்லும், மாஸ்டர், நான் போடுற ரவை நரியை விட்டு வெளியாலை வராது.”

“நரி என்ர காணிக்குள்ளை வந்து விழுந்து செத்தால்?”

“நரி ஆருடையது எண்டு முதலிலை எண்பிக்கச் சொல்லும்.”

நான் எதையும் சொல்லவில்லை. இருவருக்கும் காது நன்றாகக் கேட்டது.

மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மூக்குக் குழிந்த தோட்டா. பரியாரியார் ஒருவழியாக நாள் குறித்தார். கிழக்கு வெளுக்கும் நேரம், கிணற்றடியில் கதிரை போட்டு உட்கார்ந்தார். நான் பின்னால் ஒரு தென்னையோடு ஒட்டி நின்றேன். வேலிக்கு இங்காலே, அவருடைய வளவை ஒட்டினாற்போல், எங்கள் கொட்டில். மனைவி யன்னலுக்குப் பின்னால் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

நரி வந்தது. பொட்டுக்குள் தலையை நீட்டியது, உடம்பை நுழைத்தது, பிறகு படம் எடுக்க வந்ததுபோலப் பக்கவாட்டாக நின்றது. முப்பது யார், பூசணிக்காய் இருந்த அதே தூரம். பரியாரியாரின் கன்னம் துவக்கில் பதிந்தது. கை ஆடவில்லை. அவருக்குக் குறி தெரியாது என்று ஊரில் சொன்னவர்கள் அந்தக் கையைப் பார்த்ததில்லை.

அவர் சுடவில்லை. துவக்கைத் தாழ்த்தினார். மெல்லப் பூட்டை இழுத்துத் தோட்டாவைக் கையில் எடுத்து வேட்டித் தலைப்பில் முடிந்துகொண்டார். நரி எங்களைப் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் எங்கள் கொட்டிலுக்குள் போய், ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்த வழியே திரும்பியது. நான் கல்லெறிந்தேன். கல் கிணற்றில் விழுந்தது.

“என்ன அண்ணை செய்தனீங்கள்?”

“வேலிக்குப் பின்னாலை ஆள்.”

“நான் ஒருத்தரையும் காணேல்லை.”

“நானும் காணேல்லை. சுருட்டு மணக்குது.”

அப்போதுதான் கிடுகு வேலிக்கு அப்பால், பொட்டுக்கு நேர் பின்னால், ஒரு தலை எழும்பியது. சுருட்டு முதலாளி வாயில் புகையோடு நின்றார்.

“மாஸ்டர், ஏன் சுடேல்லை எண்டு அவரிட்டைக் கேளும். ரவை இங்காலை வந்து விழுந்தால் கையோடை எடுத்துக் கோட்டிலை வைக்கலாம் எண்டு மூண்டு நாளாய் இதிலை குந்திக்கொண்டிருக்கிறன்.”

நான் அறுபது வருடத்துக்கு மேல் மனிதர்களைப் பார்த்தவன். எதிரியின் குண்டு தன் காணிக்குள் வருகிறதா என்று பார்ப்பதற்காக, அது வரும் வழியிலேயே வயிற்றை வைத்துக்கொண்டு சாட்சிக்கு உட்கார்ந்த மனிதரை எங்கள் ஊரில் மட்டும்தான் கண்டேன்.

“அவருக்குச் சொல்லும்,” என்றார் பரியாரியார், “ரவை காணிக்குள்ளை விழுந்திராது. கோட்டிலை வைக்கிறதெண்டால் அவரின்ரை வயித்தோடைதான் வைச்சிருக்க வேணும்.”

சுருட்டு முதலாளி பொட்டைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். அவர் கணக்கில் கெட்டிக்காரர். சுருட்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “உள்ளுக்கை நிக்கிற தோட்டா எண்டு எட்டுப் பூசணிக்காயிலை காட்டினனீங்கள், அண்ணை.”

“பூசணிக்காய் திரும்பாது, மாஸ்டர். நரி திரும்பும்.” துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, “அவன் போனால் எனக்கென்ன. அங்கை என்ர தங்கச்சியெல்லோ இருக்கிறாள்” என்றார்.

இதை வீட்டில் விளக்கினேன். மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, “ஏழு” என்றாள். அவள் வாயிலிருந்து எண் வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் விடியுமுன் கொட்டிலடியில் யாரோ இருமினார்கள். போய்ப் பார்த்தால் பரியாரியார். கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து கொட்டில் வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தார். துவக்கு இல்லை. இருமல் மட்டும் வன்னிக் காட்டில் பழகியது, நாலு வளவுக்குக் கேட்கும். அதற்கடுத்த நாளும் வந்தார். நரிக்குப் பொருத்தமான மருந்து தன் தொண்டைக்குள்ளேயே இருக்கும்போது அந்த மனிதர் மாதக்கணக்காகத் தகரத்துக்குள் தேடியிருக்கிறார்.

முதல் மூன்று நாள் மனைவி எட்டியும் பார்க்கவில்லை. நான்காம் நாள் கோப்பியும் பனங்கட்டியும் போயின. அதன்பிறகு எனக்குக் கோப்பி அவருக்குப் பிறகுதான்.

நரி வேறு ஊர் பார்த்துப் போய்விட்டது. அவரிடம் அதைச் சொன்னேன். “அது நிச்சயமில்லை” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து வந்தார், வருடக்கணக்கில். தினமும் விடியற்காலையில் ஆடுகளுக்குத் தோட்டா இனங்களைப் பற்றி விளங்கப்படுத்துவார். வெள்ளைச்சி அசைபோட்டுக்கொண்டு கேட்கும். என் வகுப்பில் அவ்வளவு கவனமாகக் கேட்டவர் எவருமில்லை. ஆடுகள் குட்டி போட்டு மறுபடி பதினொன்றாயின. வழக்கும் தன்பாட்டில் நடந்தது. தவணை நாட்களில் மச்சான்மார் இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே ஆசனத்தில், ஒருவரோடொருவர் பேசாமல் போய் வந்தார்கள்.

பிறகு பரியாரியாருக்குக் கண் தெரியாமல் போய், மகள் கொழும்பிலிருந்து வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அதற்கடுத்த விடியற்காலை வழக்கம்போலக் கொட்டிலுக்குப் போனேன். மனைவி கோப்பியோடு எனக்கு முன்னரே அங்கே நின்றாள். நான் ஆடுகளை எண்ணினேன். பதினொன்றும் நின்றன. ஆனாலும் என்னவோ, இன்னொரு முறை எண்ணினேன்.