லியோவுக்கு நான் தேடிக் கொடுத்த தப்பான பங்காளி

க்ளூன்மோர்,
மேயோ, அயர்லாந்து.
ஜூன் மாதம், மழை.

ஆஸ்திரேலியாவில் பல்லராட் ஊரில் இருக்கும் அன்பும் மரியாதையும் மிக்க லியோ லவெல் அவர்களுக்கு, ஓய்வு பெற்ற ஆசிரியை அட்ராக்டா ரூவேன் எழுதுவது. இங்கே மழை நலம், காற்று அதைவிட நலம், இடது முழங்காலைத் தவிர நானும் நலம். உங்கள் இருமல் குறைந்து, எலுமிச்சை மரம் பிழைத்து, சொன்ன பேச்சைக் கேட்காத அந்த நாயும் சுகமாக இருக்க வேண்டும்.

போன வருஷம் எங்கள் ஊர்க் குடும்ப வரலாற்றுப் பக்கத்தில் நீங்கள் முதன்முதலாக எழுதிய கேள்வி எனக்கு மனப்பாடம். “என் தாத்தா மார்ட்டின் லவெல் உங்கள் ஊரிலிருந்து கப்பலேறியவர். அங்கே எங்களவர் யாராவது மிச்சம் இருக்கிறார்களா?” கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாத வியாதி எனக்கு உண்டு. தேடிப் பார்த்து எழுதினேன்: “இருக்கிறார். பெயர் ஜார்லத் லவெல். மலையடியில் நீலக் கதவு வைத்த வீடு. உங்களுக்குப் பங்காளி முறை.” அந்தப் பதில் தப்பு, லியோ. ஜார்லத் உங்கள் பங்காளி இல்லை. உறவே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வழக்கம்போல் திரையில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஞாயிறு காலையில் நீங்கள் திரையில் வரும்போது என் சமையலறை மேஜையில் என் பக்கத்தில் ஜார்லத் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இன்னும் தெரியாது. மின்னஞ்சலில் எழுதினால் உடனே பதில் வந்துவிடும், அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. தபால் மெதுவாகப் போகும். நீங்கள் கோபப்படுவதற்குள் நானும் கொஞ்சம் தயாராகிக்கொள்வேன்.

எப்படித் தப்பானது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். குழந்தை முகத்தைப் பார்த்துப் பெயர் யோசிப்பதெல்லாம் நேற்று வந்த பழக்கம். இதில் ஒரு வசதி உண்டு: பேரன்களின் பெயரைச் சொன்னால் தாத்தா யார் என்று நான் சொல்லிவிடுவேன். ஒரு தொல்லையும் உண்டு: நாலு வீட்டில் ஒரே பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். உங்கள் தாத்தா பிறந்த காலத்தில் இங்கே இரண்டு ஆண்டனி லவெல்கள் இருந்தார்கள், இருவருக்கும் மார்ட்டின் என்று ஒரு மகன். முடியின் நிறத்தை வைத்து ஒருவர் சிவப்பு ஆண்டனி. வீடு கடலோரம் என்பதால் இன்னொருவர் கரையோரத்து ஆண்டனி. ஊருக்கு இது போதும். ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்கு இப்படிப் பட்டப்பெயர் எழுதுவது கௌரவக் குறைச்சல், பதிவேட்டில் வெறும் ஆண்டனி லவெல் என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். உங்கள் அப்பாவுடன் பிறந்தவர்களின் பெயர்களை வைத்து நான் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன், சிவப்பு ஆண்டனி வீடு என்று வந்தது. அந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே ஆள் ஜார்லத். வகுப்பில் சில பிள்ளைகள் கணக்கை எடுத்து எழுதும்போதே ஒரு எண்ணை மாற்றி எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியும் சுத்தமாக இருக்கும். விடை மட்டும் அடுத்த ஊரில் இருக்கும். நானும் அப்படித்தான் தொடக்கத்திலேயே ஆண்டனியை மாற்றிப் பிடித்துவிட்டேன்.

உங்களுடைய இரண்டாவது கடிதம்தான் ஊரைக் கலக்கியது. “மிக்க மகிழ்ச்சி. தாத்தா வீட்டு நிலம் எத்தனை ஏக்கர்? இப்போது யார் கையில் இருக்கிறது?” என்று கேட்டிருந்தீர்கள். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் எல்லோரும் கேட்பதுதான். வரலாற்றுப் பக்கத்தில் கூடும் நமது கூட்டத்தில் கனடாக்காரர் கேட்பார், அர்ஜென்டினாக்காரர் கேட்பார், நானும் சாதாரணமாகப் பதில் எழுதுவேன். அந்தப் பழக்கத்தில் ஜார்லத்திடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். கடல் கடந்து போனவரின் பேரன் ஏக்கர் கேட்டால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“எத்தனை ஏக்கர்னு கேட்டானா?” என்றார் ஜார்லத்.

“சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறார், ஜார்லத்.”

“சும்மா யாரும் ஏக்கர் கேக்க மாட்டாங்க டீச்சர். சும்மா கேக்கறவன் மழை பெய்யுதான்னு கேப்பான்.”

“அவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். உங்க சேத்து நிலத்தை வெச்சுக்கிட்டு அவர் என்ன செய்வார்?”

“நான் மட்டும் என்ன செய்யறேன்? ஒண்ணும் செய்யலை. ஆனா என்னுது.”

அன்று சாயங்காலமே அவர் வீட்டு வெளிக்கதவில் சங்கிலி ஏறியது. கடைக்காரி டிம்ப்னாவுக்கு இது போதாதா? “என்ன ஜார்லத், உன் நிலத்துல பாதி ஆஸ்திரேலியாவுக்குப் போகுதாமே? பாறை இருக்கற பாதியா, சேறு இருக்கற பாதியா? அவங்கதான் பாவம், கப்பல்ல ஏத்தணுமே!” என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டுவிட்டாள். இனி அந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று ஜார்லத் கிளம்பினார். ஊரில் வேறு கடை இல்லாததால் மறுநாள் திரும்பி வந்தார்.

உங்களோடு ஒரே ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்று அவரை நான் கெஞ்சிய கதையை எழுதினால் தபால்தலை கூடுதலாக ஒட்ட வேண்டியிருக்கும். கடைசியில் சாவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி வந்து உட்கார்ந்தார். நீங்கள் திரையில் வந்ததும் வராததுமாக, “வணக்கம், பங்காளி!” என்றீர்கள். அவர் என் காதில், உங்களுக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி, “பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டான்” என்றார். அதற்குப் பிறகு நீங்கள், மூன்று மாதமாக எங்களுக்கு மழையே இல்லை, தொட்டி காய்ந்துவிட்டது என்று சொன்னீர்கள். ஜார்லத் எழுந்து, என் மடிக்கணினியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலில் வைத்து மழையைக் காட்டினார். நீங்கள் பெருமூச்சு விட்டீர்கள். எங்கள் மழையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரு மனிதரை அவர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் வந்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் மழித்துக்கொள்கிறார். அம்மாவைப் பற்றி, இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய்ப் பேச்சுமூச்சில்லாமல் போன அண்ணனைப் பற்றி, பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் சொல்லாததையெல்லாம் உங்களிடம் சொல்கிறார். நீங்கள் வந்து தங்க அண்ணனுடைய அறைக்குப் பூச்சு வேலை செய்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறார். பயம் மட்டும் போகவில்லை. பேசி முடித்து வெளியே போகும்போது வாசலில் நின்று, “இன்னைக்கும் நிலத்தைப் பத்திக் கேக்கலையே?” என்பார். கேக்கலை என்பேன். “நல்லவனா இருக்கான். அடுத்த வாரம் கேப்பான்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

நீங்கள் ஆகஸ்டில் கல்லறை ஞாயிறுக்கு வருவதாக முடிவானதும்தான் விஷயம் என் கையை மீறிப் போனது. அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறைப் பக்கத்தில் நிற்கும், சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக வருவார். யார் எங்கே நிற்கிறார்கள், யார் பக்கத்தில் யார் இல்லை என்பதை ஊரே பார்க்கும். மனெலி குடும்பம் பேரன் பேத்திகளோடு ஒரு பேருந்துக் கூட்டம் மாதிரி நிற்கும். அம்மா போன பிறகு ஜார்லத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தனியாக நிற்பார். இப்போது மாட்டுச் சந்தையில் போய், “இந்த வருஷம் நாங்க ரெண்டு பேர்” என்று சொல்லியிருக்கிறார். டிம்ப்னாதான் எனக்குச் சொன்னாள். அதையும் அவள் கிண்டல் செய்யாமல் சொன்னாள்.

இனி, எச்சிலை வைத்து யாருக்கு யார் உறவு என்று சொல்லும் அந்தச் சோதனை. நீங்கள் நல்ல மனதோடு கிறிஸ்துமஸ் பரிசாக அந்தக் குழாயை அனுப்பினீர்கள். ஜார்லத் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “மாட்டுக்குத்தான் டீச்சர் வருஷா வருஷம் நோய்ச் சோதனை. தோத்த மாட்டை லாரியில ஏத்திடுவாங்க. எனக்கு எதுக்கு?” என்றார். “இது தோக்கற சோதனை இல்லை, ஜார்லத்” என்றேன். தோற்கிற சோதனைதான், லியோ. துப்புவதற்கு முன்னால் அரைமணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது என்று போட்டிருந்தது. விழித்திருக்கும்போது அரைமணி நேரம் தேநீர் இல்லாமல் அந்த மனிதர் இருந்ததே இல்லை. பாதியில் மறந்துபோய் ஒரு வாய் குடித்து, மறுபடி ஆரம்பித்து, கடைசியில் துப்புவதற்கு வாயில் எச்சில் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். “என் மாடு ஒவ்வொண்ணுக்கும் காதுல எண், தாய் யாருன்னு அட்டை. எனக்குத் துப்பினாத்தான் தெரியுமாம்” என்று திட்டிக்கொண்டே நிரப்பிக் கொடுத்தார்.

எண்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று சோதனைத் தளத்தில் உங்கள் கணக்கையும் என்னிடம் ஒப்படைத்திருந்தீர்கள். முடிவு வந்து நான் திறப்பதற்குள் க்ளீவ்லாண்டிலிருந்து பெர்னிஸ் எழுதிவிட்டார். கரையோரத்து ஆண்டனியின் கொள்ளுப்பேத்தி, பல் மருத்துவர், நம் கூட்டத்தில் பழைய ஆள், அதே சோதனையை முன்பே செய்தவர். “லியோ எங்க ஆளு! கரையோரத்து ஆளு!” என்று எழுதியிருந்தார். ஒரு வருஷம் முழுக்க என் வகுப்புக்கு நான் அனுமதித்த ஆச்சரியக்குறிகளை அந்த ஒரே கடிதத்தில் போட்டிருந்தார். போய்ப் பார்த்தேன். பெர்னிஸ் சொன்னது சரி. உங்களுக்கும் அவருக்கும் நடுவே அள்ள அள்ள உறவு. உங்களுக்கும் ஜார்லத்துக்கும் நடுவே வெறும் வெள்ளை.

ஆகவே உங்கள் கேள்விக்குச் சரியான பதில்: இங்கே உங்களவர் யாரும் மிச்சம் இல்லை. கரையோரத்து வீட்டுக் கூரை எப்போதோ விழுந்துவிட்டது. உள்ளே முட்செடியும் டிம்ப்னாவின் ஆடுகளும்தான். க்ளீவ்லாண்டில் ஒரு வீடு நிறைய இருக்கிறார்கள், உங்களோடு பேசத் துடிக்கிறார்கள். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று பெர்னிஸ் சத்தியம் செய்திருக்கிறார். இன்னும் வாயைத் திறக்கவில்லை என்று தினமும் காலையில் எனக்கு எழுதுகிறார்.

கணக்கு தப்பினால் ரப்பரால் அழித்துவிட்டு வேறு போடலாம். ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் மழிக்க ஆரம்பித்துவிட்டார், அதை எதை வைத்து அழிப்பேன்? பதிலைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். இரண்டு ஆண்டனிகள் இருக்கிறார்கள், எது என்று தெரியவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். தெரியவில்லை என்று எழுதிய பிள்ளைக்கு நான் ஒருநாளும் மதிப்பெண் கொடுத்ததில்லை, அந்தப் பாவம்தான் இப்போது பிடிக்கிறது. தயவுசெய்து இங்கே வராதீர்கள், லியோ. பயணச்சீட்டைக் க்ளீவ்லாண்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு லவெல்களின் கல்லறையில் உங்களை நிறுத்தினால், ஊர் பார்க்க ஜார்லத்தை நான் ஏமாற்றியதாகிவிடும். அவரிடம் நானே சொல்கிறேன். எந்த வாயால் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

உங்கள் தொட்டி நிறைய மழையும் மனம் நிறைய மன்னிப்பும் ஆண்டவர் தரட்டும். அந்த மன்னிப்பில் கொஞ்சம் எனக்கும் அனுப்பி வையுங்கள்.

மிகுந்த வருத்தத்துடன்,
அட்ராக்டா ரூவேன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஜார்லத் வந்துவிட்டார். உங்கள் கட்டிலுக்கு ஒரு தலையணை போதுமா, இரண்டு வேண்டுமா என்று கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “லியோ செத்துட்டானா?” என்றார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அப்ப ஒரு சொட்டுகூட உறவு இல்லையா?”

“இல்லை, ஜார்லத். என்னை மன்னிச்சிடுங்க.”

“கோர்ட்டுக்குப் போனாலும் இல்லையா?”

“போனாலும் இல்லை.”

“டப்ளின்ல பெரிய கோர்ட்டுக்குப் போனா?”

“எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் உங்க நிலத்துல ஒரு புல்லுகூட அவருக்குச் சேராது.”

நாற்காலியில் சாய்ந்து ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், அடுப்பில் வைத்த கெட்டில்கூட அப்படி விட்டதில்லை. “ஏன் டீச்சர், இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? ஞாயித்துக்கிழமை அவன்கிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு, வாரம் பூரா வேலியைச் சுத்தி வந்தேன். இவ்வளவு நல்லவன் வாயைத் திறந்து கேட்டா எப்படி இல்லைன்னு சொல்றதுன்னுதான் தூக்கமே இல்லை.”

“கல்லறை ஞாயிறுக்கு என்ன செய்வீங்க? ரெண்டு பேர்னு சந்தையில சொன்னீங்களாமே.”

“ரெண்டு பேர்தான். கரையோரத்துக்காரங்க கல்லறை எங்க கல்லறைக்கு அடுத்ததுதானே? நடுவுல ஒரு ஆள் படுக்கற இடம். அங்க வந்து நிக்கத்தான் ஒரு நாதியில்லாம கெடந்துச்சு. அருவாளைப் பாதியில நிறுத்தத் தெரியாம அந்தப் புல்லையும் நான்தான் சேத்து வெட்டிட்டு வரேன். அவன் அங்க நிக்கட்டும், நான் இங்க நிக்கறேன். மெதுவாப் பேசினாக்கூடக் கேக்கும்.” கதவுவரை போய்விட்டுத் திரும்பி, “ரெண்டு தலையணையே வாங்கிடறேன்” என்றார்.

ஆகவே வராதீர்கள் என்று மேலே எழுதியதை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான். ஆனால் தப்பாகப் போட்ட வழியையும் நான் பார்க்க வேண்டும், அதன் கீழேயே சரியானதைப் போடு என்று காலமெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னவள் நான். ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. ஜார்லத்துக்கு இப்போது வெட்கம் வந்துவிட்டது. உறவுக்காரனோடு பேசிப் பழகியவருக்கு, வெறும் மனிதரோடு எதை வைத்துப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லையாம். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு, திரையில் அவர் முகம் தெரிந்ததும், முதலில் நீங்களே பேசுங்கள்.