சாட்டிலைட் கண்ட சுரைக்கொடி

தாட்சாயணி கேட்டது நூறே நூறு வேப்பங்கன்று. ரேணிகுண்டா பக்கத்தில் அவளுடைய தகரக் கூரைக் காலனியில் பெயருக்குக்கூட ஒரு மரம் இல்லை. கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

பசுமைத் திட்ட அலுவலகத்தில் லக்ஷ்மிநரசிம்மன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சாட்டிலைட் படத்தில் காலனி முழுக்கப் பச்சை. பசுமை அறுபத்திரண்டு சதவீதமாம். மாடியெல்லாம் வெள்ளை டைல்ஸ் ஒட்டிய பங்களாத் தெருவில் வெறும் எட்டு. அதனால் கன்றெல்லாம் அங்கே போயாயிற்று, அதுதான் சமநீதி என்று பாடம் நடத்தினார்.

"அது மரம் இல்ல சார், சுரைக்கொடி. தகரம் சுடுதுன்னு கூரை மேல ஏத்தி வுட்டுக்கினு இருக்கோம்."

"மேலேர்ந்து பார்த்தா எல்லாம் பச்சைதாம்மா."

நேரில் வந்து பாருங்கள் என்றாள். நேரில் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்றார். தாட்சாயணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசியில் உட்கார்ந்து வெயிலை அளக்கிற மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது?

அடுத்த படம் பதினைந்து நாளில் என்றார்கள். வீடு வீடாகப் போய் மன்றாடி, பூவும் பிஞ்சுமாக இருந்த கொடிகளை அறுக்க வைத்தாள். குழம்புக்குக் காய் போயிற்று, இருந்த நிழலும் போயிற்று. வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. குழந்தை பகலெல்லாம் அழுதது. பக்கத்து வீட்டுச் சென்னம்மா பேச்சையே நிறுத்திவிட்டாள்.

புதுப் படத்தில் காலனி செக்கச்செவேல் என்றிருந்தது. சிவப்பு என்றால் சூடாம். லக்ஷ்மிநரசிம்மன் எழுந்து நின்றே பேசினார். ஊரிலேயே சூடான இடம், பசுமை பூஜ்யம். கன்றென்ன கன்று, ஐந்நூறு மரத்தோடு பூங்காவே மஞ்சூராகி ஆர்டரும் வந்துவிட்டது!

விஷயம் கேட்டுச் சென்னம்மா மறுபடி பேசினாள். காலனியே தாட்சாயணியைக் கொண்டாடியது.

திங்கட்கிழமை சர்வேயர் சிட்டிபாபு டேப்போடு வந்தார். தாட்சாயணி அவருக்கு மோர் கொடுத்து, பூங்கா எந்தப் பக்கம் வருகிறது என்று ஆசையாகக் கேட்டாள்.

அவர் மோரைக் குடித்து முடித்து, அவள் வாசற்படிமேல் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

"படத்துல சிவப்பா இருக்கிற இடத்துலதாம்மா. சாமானெல்லாம் எடுத்துக்கினு நவுருங்க, பூங்காவோட கேட்டு உங்க அடுப்பு மேல வருது."