பார்க் சுவரில் நான் அடித்த பட்டை

பருத்திப்பட்டு,
ஆடி மாதம், திங்கட்கிழமை.

என் கூடப்பிறந்த தம்பி துலுக்கானத்துக்கு அக்கா தாயம்மாள் எழுதுவது. இங்கே நானும் பேத்தி சிம்ரனும் நலம். குத்தம்பாக்கத்தில் நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியாத்தா துணையிருக்கட்டும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், ஸ்பீக்கரில் போட்டு உன் சம்சாரத்தையும் சிரிக்க வைப்பாய். கடிதமென்றால் அந்தச் சிரிப்பு என் காதில் விழாது.

ஏரிக்கரைப் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் குப்பை பொறுக்கும் குழுவில் நான் சேர்ந்தது உனக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், புடவை மேல் குழுவின் டீ-சர்ட்டைப் போட்டு, கையுறை மாட்டி நான் நின்ற போட்டோவை உறவு முழுக்க அனுப்பச் சொன்னதே நான்தான். அஞ்சாவது படித்தவள் பட்டம் வாங்கினவர்களோடு சரிசமமாக நிற்கிறேன் என்ற திமிர், வேறென்ன. முந்தின ஞாயிறு சுவர்க் கிறுக்கலை மறைக்கும் வேலை. அம்பு பாய்ந்த இதயம், யாரோ யாரையோ காதலிப்பது, அப்புறம் அவர்களே திட்டிக்கொள்வது எல்லாம் அந்தச் சுவரில் இருந்தது. கொடுத்த வெள்ளைப் பெயிண்டு பாதிச் சுவருக்குக்கூட வராது என்று பார்த்ததுமே தெரிந்தது. குழுத் தலைவி ரேவதி, ஆபீசர் குவார்ட்டர்ஸில் இருப்பவள், காலேஜ் படிக்கிற பையனுக்கு அம்மா, "மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கலாம் பாட்டி" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஊர்க் கோயில் சுவருக்கு அடித்துவிட்டு மிச்சத்தை நீ என் வீட்டில் போட்டுப் போனாயே, அந்தக் காவி டப்பா ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து, வெள்ளை ஒரு பட்டை, காவி ஒரு பட்டை என்று மாற்றி மாற்றி நானே அடித்துச் சுவரை முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். கோயில் சுவர் மாதிரி ஆகிவிட்டதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பட்டைக்கு நடுவே மஞ்சள் பொட்டு. சாயங்காலம் வேப்பிலைத் தோரணம். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் எலுமிச்சம்பழம், கற்பூரக் கரி, தேங்காய் ஓடு, பால் பாக்கெட், பூ வந்த பிளாஸ்டிக் கவர் என்று முழங்கால் உயரம். இத்தனை நாள் நான் பொறுக்கியது மொத்தமும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. பெயரும் வைத்துவிட்டார்கள், பட்டையம்மனாம். பூக்காரி வேம்புலியம்மாள் என்னை வழிமறித்தாள்.

"இன்னா தாயம்மா, அம்மன் உன் கனவுல வந்து பட்ட போட சொல்லிச்சாமே?"

"கனவும் இல்ல, கினவும் இல்ல. வெள்ள பெயிண்டு பத்தல."

"அத்த பத்தாம பண்ணதே அவதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு முழம் பூவை இனாமாகக் கொடுத்தாள்.

நேற்று ரேவதி வந்து பார்த்தாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மெதுவாகத்தான் சொன்னாள். "பாட்டி, பார்க்கைச் சுத்தம் பண்ண வந்தோம். நாமளே கோயில் கட்டினா எப்படி? அடுத்த ஞாயிறுக்குள்ள வெள்ளை அடிச்சிடுங்க. இல்லேன்னா நம்ம ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்க." எனக்குத் தலை நிமிரவில்லை. என்னால் ஒரு பார்க்கே நாதியில்லாமல் போகப்போகிறது. டீ-சர்ட்டைத் துவைத்து மடித்துவிட்டேன், திருப்பிக் கொடுக்கவும் வெட்கமாக இருக்கிறது. மத்தியானம் பிரஷ்ஷை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனேன், பெண்கள் கண்மூடிக் கும்பிடுகிறார்கள், கை வரவில்லை. சாயங்காலம் மறுபடி போனேன், என்னையே கும்பிட்டார்கள்.

அதனால் தம்பி, சனிக்கிழமை நீ வெள்ளைப் பெயிண்டோடு வந்து அந்தச் சுவரை அழித்துக் கொடு. யாராவது கேட்டால் நீ யாரோ, நான் யாரோ.

உன் பிள்ளைகள் என்னைப் போல முந்திரிக்கொட்டையாக இல்லாமல், நல்ல புத்தியோடும் நீண்ட ஆயுசோடும் இருக்க ஆசீர்வாதம்.

தலைகுனிந்து,
உன் அக்கா
தாயம்மாள்

பி.கு.: கவரை ஒட்டுகிற நேரத்தில் ரேவதி வீட்டுக்கே வந்துவிட்டாள். டீ-சர்ட்டைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டே, "பாட்டி, அந்தச் சுவரை இப்போதைக்குத் தொடாதீங்க. என் பையன் சரணுக்கு வெள்ளிக்கிழமை அரியர் ரிசல்ட்" என்றாள். கையில் எலுமிச்சம்பழம். எப்படி வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை, கூடப் போய் நான்தான் காட்டிக்கொடுத்தேன். போனதுதான் போனோம் என்று என் பங்குக்கும் ஒன்று வைத்தேன். ஆகவே வெள்ளை வேண்டாம். காவியே இன்னொரு டப்பா கொண்டு வா, மழையில் கீழ்ப்பட்டை மங்கிவிட்டது. பழத்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நாங்களே பொறுக்கிக்கொள்கிறோம்.