நிலைப்படிக்கு அப்பால் நின்றவள்

மைசூர் அக்ரஹாரம்
22-11-1934

கொள்ளேகாலில் இருக்கும் சிரஞ்சீவி பாலசந்திரனுக்கு, உன் அத்திம்பேர் வைத்யநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அக்கா சீதாலக்ஷ்மியும் எங்கள் பெண் லலிதாவும் சரீரத்தளவில் சௌக்கியம். மனசைப் பற்றிக் கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை உன் பஸ் நரசீபுரத்தில் நின்றுபோய், நீ பாதி வழியில் திரும்பிவிட்டதாக எழுதியிருந்தாய். அந்தப் பாழாய்ப்போன பஸ் ஓடியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. தன் பிள்ளைக்குப் பெண் பார்க்க வந்த ஹரிஹரய்யர், லலிதாவைப் பிடித்துப்போய்த் தாம்பூலத் தட்டை நீட்டிவிட்டார். நான் வாங்கவில்லை. பிரஜாப்பிரதிநிதி சபையில் இருபத்தெட்டு வருஷம் தலை எண்ணிய குமாஸ்தா அல்லவா! இத்தனை பேராவது உள்ளே இருந்தால்தான் தீர்மானம் செல்லும் என்பார்களே, அந்தக் கோரம் என்ற விதி என்னோடு பென்ஷன் வாங்கவில்லை. நம் வீட்டில் நான், உன் அக்கா, லலிதா, நீ என நாலு பேர். கோரம் மூன்று என்று நான் வைத்தது உனக்குத் தெரியும். கூடத்தில் நானும் லலிதாவும்தான் இருந்தோம். ஆள் குறைந்தால் சபையில் மணி அடிப்போம். வராந்தாவில் காப்பி குடிக்கிற மெம்பர்கள் ஓடி வருவார்கள். அந்தப் பழக்கத்தில் பூஜை மணியை எடுத்து அடித்தேன். வந்தவர்கள் தீபாராதனை என்று எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உன் அக்கா பஜ்ஜிக் கரண்டியோடு சமையலறை நிலைப்படிவரை வந்து நின்றாள். அந்நிய ஆண்கள் இருக்கும்போது அவள் அதற்குமேல் வரமாட்டாள்.

"கோரம் இல்லையே, ஒத்திவைக்கணும்" என்று விதியை விளக்கினேன்.

"உங்காத்து மாமி அதோ நிக்கறாளே, அவா ஒரு ஆள் இல்லையா?" என்றார் ஹரிஹரய்யர்.

நிலைப்படிக்கு அப்பால் நிற்பவர்களைச் சபை எண்ணாது என்றேன். அவர் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பஜ்ஜி அப்படியே ஆறிப்போனது.

நாலு நாளாக உன் அக்கா என்னோடு பேசவில்லை. காப்பி டம்ளரை வைக்கிற சத்தம் தெருக்கோடிவரை கேட்கிறது. முப்பது வருஷத்தில் அவளைக் கேட்காமல் இந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது? சபையில் தூங்குகிற மெம்பரைக்கூட ஒரு தலையாக எண்ணியவன், இவளை எண்ணாமல் விட்டேன். வெட்கமாக இருக்கிறது, பாலு. குழந்தையின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஹரிஹரய்யர் இன்னும் லட்சுமிபுரத்தில் தம்பி வீட்டில்தான் இருக்கிறாராம். நீ உடனே புறப்பட்டு வந்து, எனக்காக அவர் காலில் விழுந்தாவது தட்டை மறுபடி நீட்டச் சொல்.

சாமுண்டேஸ்வரி உனக்குக் குறைவில்லாமல் கொடுக்கட்டும். எனக்குக் கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வைத்யநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டு வாயைத் திறந்தாள். திங்கட்கிழமை அவளும் லலிதாவும் கோவிலுக்குப் போனார்களே, அங்கேயே ஹரிஹரய்யரை வரவழைத்துத் தட்டு மாற்றியாகிவிட்டதாம். தை மாதம் முகூர்த்தமாம். நரசீபுரத்திலிருந்து திரும்பிவிட்டதாக எனக்கு எழுதிய மகானுபாவன் நீயும் அங்கே நின்றாயாமே! "என்னைக் கேட்காமல் எப்படிச் செல்லும்?" என்றேன். "நான், லலிதா, பாலு. எண்ணிப் பாருங்கோ" என்றாள். எண்ணிப் பார்த்தேன். கோரம் இருக்கிறது. நான் ஒருவன்தான் வரவில்லை.